கண்ணாடிக்குள் மாட்டிய குங்குமப் பொட்டு

சோலார் பேனலைக் காட்டினால் எல்லோரும் அந்த நீலச் சில்லுகளைத்தான் பார்ப்பார்கள். நான் அதன் ஓரத்தைப் பார்ப்பேன். கல்யாண வீட்டுக்குப் போய் மணப்பெண்ணை விட்டுவிட்டு, அவள் ரவிக்கையின் தையல் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கிற பெண்கள் உண்டே, அந்த ரகம் நான். ஓரம் சரியாக இல்லாத பேனலைக் கண்டால் யார் வீட்டு மாடியாக இருந்தாலும் எனக்குக் கோபம் வரும்.

பேனலுக்கு மேலே கண்ணாடி, அடியில் வெள்ளைத் தாள், நடுவில் சில்லுகள். சில்லுகள் அப்பளத்தைவிட மெலிசு. அவற்றைக் கண்ணாடியோடும் அடித்தாளோடும் ஒட்டி, காற்றும் ஈரமும் தொடாமல் பொத்தி வைப்பவை மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு ஷீட்டுகள். ஈ.வி.ஏ. என்று பெயர். வாங்கும்போது கஞ்சித் தண்ணீர் நிறத்தில், ரப்பர் மாதிரி நெளியும். சூடான மெஷினில் வைத்து, உள்ளே இருக்கிற காற்றையெல்லாம் உறிஞ்சிவிட்டு அழுத்தினால், ஜவ்வரிசி வேகும்போது வெள்ளை போய்க் கண்ணாடியாகிறதே, அப்படி ஆகிவிடும். சரியாக வெந்தால் இருபது வருஷம் தாங்கும். அரைவேக்காடாக எடுத்தால் ஒரே மழைக்காலத்தில் ஓரம் விட்டுப்போய், தண்ணீர் உள்ளே பூந்து, கம்பியெல்லாம் கறுத்துவிடும். மட்டமான ஷீட்டாக இருந்தால் வெயிலில் மஞ்சளடித்து, பழைய டிபன் டப்பா மூடி போல ஆகிவிடும். பேனலின் ஆயுள் என்பது அந்த ஷீட்டின் ஆயுள்தான். இதை நான் சொல்லிச் சொல்லியே வீட்டில் பலருக்குக் காது புளித்துப்போயிருந்தது.

நான் சிதம்பரத்துப் பெண். அங்கேயே வேதியியல் படித்து, பாலிமர்களைப் பற்றிக் கொஞ்சம் ஆராய்ச்சியும் செய்துவிட்டு, 2006-இல் கடலூர் மஞ்சக்குப்பத்துக்கு மருமகளாக வந்தேன். என் வீட்டுக்காரர் இன்வெர்ட்டரும் பேட்டரியும் விற்கிற கடை வைத்திருந்தார். அந்த வருஷங்களில் மின்வெட்டு ஜாஸ்தியாகிக்கொண்டே போனது. ஊரே கரண்ட் ஆபீஸைத் திட்டிக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டில் மட்டும் யாரும் வாயைத் திறக்க மாட்டோம். கடைசியில் இன்வெர்ட்டரை சார்ஜ் செய்யக்கூடக் கரண்ட் போதாத நிலை வந்தபோதுதான் அவருக்கு பேனல் யோசனை பிறந்தது. நாமே செய்தால் என்ன என்று கேட்டார். நான் உடனே சரி என்றேன். என் படிப்பை எதற்காவது பயன்படுத்தச் சொல்லி யாராவது கேட்க மாட்டார்களா என்று நானும்தான் காத்திருந்தேன்.

பெங்களூரில் ஒரு கம்பெனி கழித்துப்போட்ட லாமினேட்டர், அதாவது ஷீட்டை வேகவைக்கிற அந்த மெஷின், கிடைத்தது. பெரிய தோசைக்கல்லுக்கு ரப்பர் மூடி போட்டு, ஒரு பம்பை மாட்டியது போல இருக்கும். வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு அதில் வைத்தோம். அண்ணாகிராமம் பக்கத்து முந்திரித் தோப்புக் காவல் கொட்டகைகளுக்குச் சின்னச் சின்ன விளக்கு பேனல்கள் செய்து கொடுத்தோம். மின்வெட்டு நேரத்தைப் பார்த்து, கரண்ட் வந்ததும் முதல் வேலையாக மெஷினைச் சூடாக்குவோம். பாதி வேகும்போது கரண்ட் போனால் அந்த பேனல் குப்பைக்குத்தான். அப்படிப் போன நாட்களில் என் பக்கத்தில் யாரும் வர மாட்டார்கள்.

கொட்டகைக்குள் என் சட்டம்தான். தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு வரக் கூடாது. முகத்துக்குப் பவுடர் கூடாது. ஷீட்டை வெறுங்கையால் தொட்டால் தொலைந்தார்கள், விரல் பிசுக்கு பட்ட இடத்தில் கண்ணாடி ஒட்டாது. கடலோரக் காற்றில் ஈரம் இருப்பதால் ஷீட்டை அரிசி டின்னில் வைத்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை உள்ளே போட்டு இறுக்கி மூடிவிடுவேன். என் மாமியார் வாசலிலேயே நின்று இதையெல்லாம் பார்த்துவிட்டு, "புள்ள பெத்த வூட்டுலகூட இம்மாம் தீட்டு பாக்க மாட்டாங்கடி" என்பார். அத்தைக்கும் எனக்கும் நாளுக்கு ஒரு சண்டையாவது நடக்கும். நடக்காத நாளில் இருவரில் ஒருவருக்குக் காய்ச்சல் என்று அர்த்தம்.

2010-இல் எங்களுக்கு ஒரு தலைவலி துபாயிலிருந்து வந்தது. வேறு யாருமில்லை, என் கூடப்பிறந்த அண்ணன்தான். வெள்ளிக்கிழமை ஆனால் என் வீட்டுக்காரருக்கு போன் செய்துவிடுவான். "மச்சான், அங்க கெடந்து ஏன் ஷீட்டு ஒட்டிகிட்டு இருக்கீங்க? எங்க கம்பெனியில எலக்ட்ரிகல் சூப்பர்வைசர் வேலை இருக்கு. விசா ரெடி. பொங்கலுக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க." பேனல் தொழிலில் சின்ன ஆர்டர்களைத் தாண்டி எதுவும் வரவில்லை என்பது அவரையும் அரித்துக்கொண்டிருந்தது. யோசிக்கிறேன் மச்சான், யோசிக்கிறேன் மச்சான் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

அத்தையோ ஒரேயடியாக அண்ணன் கட்சி. "போய்ட்டு வாடா. உங்கப்பா சிங்கப்பூரு போவலயா? அவரு போவலன்னா இந்த வூடு ஏது?" என்று தினம் ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். மாமனார் நான் வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். அவர் பல வருஷம் சிங்கப்பூரில் சம்பாதித்துக் கட்டிய வீடுதான் அது. அத்தை அப்படிச் சொல்லும்போதெல்லாம், பெற்ற பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்ப இப்படி அலைகிறாரே என்று மனசுக்குள் திட்டுவேன். என் வீட்டுக்காரர் போகக் கூடாது என்பதுதான் என் ஆசை. அவர் போய்விட்டால் நான் யாரோடு வேலை செய்வேன், யாரைத் திட்டுவேன்? ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு ரோஷம். பெண்டாட்டி பேச்சைக் கேட்டு நல்ல வேலையை விட்டான் என்ற பெயர் அவருக்கு வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

அப்போதுதான் பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு பாய் வந்தார். மீன்பிடிப் படகுகள் வைத்திருந்தவர். ஒரு செத்த பேனலைக் கைலியில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து, மேஜைமேல் வைத்தார். எங்கேயோ வாங்கிய பேனல். மஞ்சளடித்து, ஓரமெல்லாம் வெள்ளையாகப் பொரிந்து, உள்ளே தண்ணீர் ஓடிய தடம் தெரிந்தது.

"தம்பி, போட்டுல வெளக்குக்கும் வயர்லெசுக்கும் மாட்டுனேன். ஒரு வருசம் தாங்கல. சில்லு நல்ல சில்லுன்னுதான் வித்தான்" என்றார்.

"சில்லு நல்ல சில்லுதான் பாய். ஷீட்டுதான் கழுத்த அறுத்துருக்கு" என்று நான் குறுக்கே விழுந்தேன். அதன் பிறகு அரைவேக்காடு, உப்புக்காற்று, ஓரம் என்று நான் பேசிக்கொண்டே போக, பாய் பொறுமையாகக் கேட்டார்.

கேட்டுவிட்டு என் வீட்டுக்காரரிடம் சொன்னார்: "ரெண்டு சோலார் தட்டு குடுங்க தம்பி. என் போட்டு ரெண்டுலயும் ஒண்ணொண்ணு மாட்டுறேன். பொங்கல் வரைக்கும் மழையும் உப்புத்தண்ணியும் அடிக்கட்டும். ரெண்டும் நின்னுச்சுன்னா எனக்கும் எங்க சொந்தக்காரங்களுக்கும் இருக்குற அத்தினி போட்டுக்கும் உங்ககிட்டதான்."

பாய் போன பிறகு அவர் என்னைப் பார்த்தார். "இது ரெண்டும் தாங்கிடுச்சுன்னா நான் போவல. தாங்கலன்னா மச்சானுக்குப் போன் போட்டு வர்றேன்னு சொல்லிடுறேன். இதுக்கு மேல இழுக்க முடியாதும்மா" என்றார். அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. சொன்னால் சொன்னதுதான்.

அன்றிலிருந்து எனக்கு அந்த இரண்டு பேனல்தான் உலகம். நல்ல ரோலில் மிச்சம் இருந்தது சரியாக இரண்டு பேனலுக்கான ஷீட்டுதான். அடுத்த ரோல் வர மழைக்காலம் பாதி ஆகிவிடும். மிச்சத்தை அளவாக வெட்டி டின்னில் அடுக்கினேன். மெஷினின் சூடு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கழிவில் ஒரு துண்டை வேகவைத்து எடுத்துக்கொண்டு, ஆயுத பூஜைக்கு முன்னால் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். நான் படித்த துறையில் என் பழைய மேடம் ஒரு மேஜையைக் கொடுத்தார். துண்டைக் கரைப்பானில் போட்டுக் கொதிக்கவைத்தால், வேகாதது கரைந்துபோகும், வெந்தது நிற்கும். எங்கள் துண்டு கரையாமல் ஜம்மென்று நின்றது. நான் அந்த ஆய்வகத்தில் சின்னப் பிள்ளை மாதிரி குதித்ததை மேடம் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

உடனே வீட்டுக்காரருக்கு போன் செய்தேன். "சூடு கரெக்டா இருக்கு. பூஜைக்கு அம்மா வூட்டுல இருந்துட்டு வந்துடுறேன். நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க." அவரும் சரி சரி என்றார். எதற்குச் சரி என்றார் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

விஜயதசமிக்கு மறுநாள் வந்து சேர்ந்தேன். கொட்டகையெல்லாம் சாம்பிராணி வாசனை. வாசலில் உடைத்த பூசணிக்காய். லாமினேட்டர் சந்தனமும் குங்குமமும் பூசிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நின்றது. ஸ்க்ரூ டிரைவருக்குப் பொட்டு, மல்டிமீட்டருக்குப் பொட்டு, பம்புக்கு மாலை. சுவரோரம் இரண்டு பேனல்கள் செய்து முடித்து சாத்தியிருந்தன.

"விஜயதசமிம்மா. நல்ல நாளு. கரண்டும் காலையில போவாதுன்னாங்க. அதான் ஆரம்பிச்சு முடிச்சுட்டேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

முதல் பேனலைப் பார்த்ததும் கோபமே வரவில்லை. கண்ணாடிக்கும் சில்லுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லாதது போல அத்தனை தெளிவு. நான் செய்திருந்தால்கூட அதைவிட நன்றாக வந்திருக்காது. இரண்டாவதைத் திருப்பினேன். கீழ்மூலையில், ஓரத்திலிருந்து ஒரு விரல் தள்ளி, கண்ணாடிக்குள்ளே வட்டமாக ஒரு குங்குமப் பொட்டு இருந்தது. அடியில் சந்தனக் கறை. சந்தனத்தில் இருந்த ஈரம் சூட்டில் ஆவியாகிப் பொட்டைச் சுற்றிக் குமிழ் கட்டியிருந்தது.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"லாமினேட் பண்ணும்போது இதைப் பாக்கலயா நீங்க?"

"பாத்தேன்."

"பாத்துட்டுத் தொடைக்காம விட்டீங்களா?"

"பூஜையில வெச்ச குங்குமத்த எப்புடிம்மா தொடைக்கிறது? அம்மா வேற பக்கத்துலயே நிக்கிது."

எங்கள் பக்கம் ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டை யாரும் அழிப்பதில்லை. ஆட்டோ, கிரைண்டர், சைக்கிள் எதுவானாலும் அதுவாக உதிர்ந்து போகும்வரை விட்டுவிடுவார்கள். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். ஆனால் ஷீட்டுக்குள் போன பொட்டு எப்படி உதிரும்? இருபது வருஷம் தாங்கும் என்று நானே சொல்லிச் சொல்லி விற்கிற ஷீட்டு.

சத்தம் கேட்டு அத்தை வந்தார். கொஞ்சம்கூடக் கலங்கவில்லை. "வருசம் பூரா நீ என்னா சொன்ன? மிசின் பெருசில்ல, கண்ணாடி பெருசில்ல, ஷீட்டுதான் உசுருன்னு சொன்னியா இல்லியா? உசுரான சாமானுக்குப் பொட்டு வெக்காம சுத்திக்கும் ஸ்பேனருக்கும் வெக்கச் சொல்றியா?"

"டின்ன ஏன் தொறந்தீங்க அத்தை?"

"தொறக்காம எப்புடி வெக்கிறது? உன் கிளவுஸ மாட்டிகிட்டுத்தான் தொறந்தேன். கிளவுஸ் வெரலாலதான் தொட்டு வெச்சேன். மேலாப்புல இருந்த ஒரு ஷீட்டுக்குத்தான் வெச்சேன். இதுக்கு மேல என்னா சுத்தம் வேணும் உனக்கு?"

கையுறை மாட்டிக்கொண்டு அத்தை குங்குமம் வைப்பதை நினைத்ததும் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. சிரித்தால் தோற்றுவிடுவேன் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஆனால் பயம் பயம்தான். ஒட்டாத இடம் என்றால் தண்ணீருக்குக் கொண்டாட்டம். ஓரத்திலிருந்து ஒரு விரல் தூரம் ஈரம் நுழைந்துவிட்டால் அந்தக் குமிழில் தேங்கும், அங்கிருந்து பக்கத்துச் சில்லுக்குப் போகும். மறுபடி செய்ய ஷீட்டும் இல்லை, நாளும் இல்லை. மழை தொடங்கப்போகிறது. என் புருஷன் ஊரில் இருப்பதும் போவதும் ஒரு விரல் அகல ஷீட்டில் வந்து நின்றது.

பாயிடம் மறைக்கக் கூடாது என்று நானே கூடப் போனேன். பரங்கிப்பேட்டையில் அவர் வீட்டில் பேனலைப் பிரித்துக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"இது என்னா தங்கச்சி?"

"குங்குமம் பாய். எங்க அத்தை ஆயுத பூஜைக்கு வெச்சது. உள்ள மாட்டிகிச்சு. இனிமே எடுக்க முடியாது. நீங்க வேணாம்னா சொல்லிடுங்க."

பாய் சிரித்த சிரிப்பில் தொப்பி கழன்று மடியில் விழுந்தது. உள்ளே திரும்பி வீட்டம்மாவைக் கூப்பிட்டுக் காட்டி, அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். "என் போட்டுல போற பசங்க பாதிப் பேரு உங்க ஆளுங்கதாம்மா. அவனுங்க முகப்புக்கு மாலை போடுவானுங்க, நான் துவா ஓதி அனுப்புவேன். நடுக்கடல்ல யாரும் யாரையும் பிரிச்சுப் பாக்க மாட்டான். தண்ணி பூராம இருந்தா எனக்குச் சரி" என்றார்.

"அந்தக் குமிழ் ஓரத்துக்குக் கிட்டக்க இருக்கு. அது போயிடுச்சுன்னா அதை விட்டுட்டு இன்னொண்ண வெச்சுப் பாருங்க பாய்" என்று கெஞ்சினேன்.

"அதெல்லாம் இல்ல. ரெண்டும் நிக்கணும்." சிரிப்பெல்லாம் சிரித்துவிட்டு வியாபாரத்தில் மட்டும் ஒரு இம்மிகூட விட்டுக்கொடுக்கவில்லை.

அந்த வருஷ மழையைப் போல எந்த மழையையும் நான் அதற்கு முன் வெறுத்ததில்லை. ஓட்டில் சடசடவென்று விழ ஆரம்பித்தால் போதும், எனக்குக் கண்முன்னே அந்தப் பொட்டுதான் வந்து நிற்கும். நடுவில் ஒரு நாள் பொறுக்க முடியாமல் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். நேர்ச்சாலையில் தண்ணீர் ஓடுகிறது என்று பஸ் குறிஞ்சிப்பாடி வழியாகச் சுற்றிக்கொண்டு போய், நான் பரங்கிப்பேட்டையில் இறங்கும்போது இரண்டு படகும் கடலுக்குப் போயிருந்தன. பாய் வீட்டில் எனக்கு வயிறு நிறைய இறால் பிரியாணி கிடைத்தது. பேனல் பற்றி மூச்சு விட மாட்டேன் என்று பாய் சிரித்தபடியே சொல்லிவிட்டார். பொங்கலுக்குப் பிறகுதான் பேச்சாம்.

இந்தப் பக்கம் துபாய் ஏற்பாடுகள் தாமாகவே நடந்துகொண்டிருந்தன. அவர் சென்னைக்குப் போய் மெடிக்கல் பார்த்துவிட்டு வந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பெரிய சூட்கேஸ் வாங்கினார். அதன் நம்பர் பூட்டின் நம்பரை அன்றைக்கே மறந்துவிட்டு உட்கார்ந்து திருகிக்கொண்டிருந்ததைப் பார்த்து எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். அத்தையோ பொடி வகைகளில் இறங்கிவிட்டார். பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, எள்ளுப் பொடி.

"துபாய்ல எல்லாம் கெடைக்கும் அத்தை. எங்கண்ணன் இங்க இருந்ததவிட இப்பதான் குண்டா இருக்கான்" என்று ஒரு நாள் வெடித்தேன்.

"கெடைக்கட்டுமே. நான் அரைக்கிறத நீ ஏன் தடுக்குற?" என்று அவரும் வெடித்தார். அன்றைக்கு அந்தச் சண்டை சாப்பாட்டு நேரம்வரை போனது.

பொங்கல் முடிந்ததும் பாயிடமிருந்து போன் வந்தது. நாங்கள் இருவரும் கிளம்பினோம். அவர் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டார், நான் ஆய்வகத்துப் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டேன்.

படகுகள் கரையில் அடுத்தடுத்து நின்றன. முதல் படகில் ஏறி, கேபின் மேலே மாட்டியிருந்த பேனலின் உப்பைத் துடைத்துவிட்டு நாலு ஓரத்தையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அவர் மீட்டரை வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். இரண்டாவது படகுக்கு ஓட்டமாகப் போனேன். ஏறுவதற்கு முன்பே பாய், "மெதுவா ஏறு தங்கச்சி, அது எங்கியும் ஓடிப் போவல" என்றார்.

பொட்டு அங்கேயேதான் இருந்தது. வெயிலில் கொஞ்சம் வெளுத்திருந்தது, அவ்வளவுதான். அதன் விளிம்பு, அத்தை வைத்த அன்றைக்கு இருந்தது போலவே கத்தரித்த மாதிரி நின்றது. குமிழும் வளரவில்லை. நான் மூக்கு கண்ணாடியில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தேன். எனக்கு மெதுவாக உறைத்தது. குங்குமத்தில் துளி ஈரம் பட்டாலும் ஊறி, கரைந்து, ஓடிவிடும். நெற்றியில் மழை பட்ட எந்தப் பெண்ணுக்கும் தெரியும் அது. இரண்டு பக்கமும் உப்புத்தண்ணீர் அடித்த அந்த மூலையில் பொட்டு ஓடவில்லை என்றால், ஒரு சொட்டுகூட உள்ளே நுழையவில்லை என்று அர்த்தம். சிதம்பரத்தில் கொதிக்கவைத்து நான் செய்த சோதனையை, மழைக்காலம் முழுக்க அந்தப் பொட்டு நடுக்கடலில் உட்கார்ந்து செய்திருக்கிறது.

அதை நான் வாயைத் திறந்து சொல்வதற்குள் பாய் ஆரம்பித்துவிட்டார். "பசங்களுக்கு இதே வேலையாப் போச்சு. கடலுக்குப் போய் வந்ததும் மொதல்ல இதத்தான் பாப்பானுங்க. செவப்பு ஓடலடா, தண்ணி பூரலடாம்பானுங்க. பக்கத்துப் போட்டு ஆளுங்கல்லாம் வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க. அந்த இன்னொரு தட்டு நல்லாருக்குன்னு நீ பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்துச் சொல்ற. நான் எதை வெச்சுப் பாக்குறது? எனக்கு இந்தப் பொட்டுதான் கணக்கு. இனிமே செய்யுற தட்டு எல்லாத்துலயும் ஒண்ணு வெச்சிடு."

"எல்லாத்துலயும் குங்குமம் வெக்க முடியாது பாய்!" என்று அலறினேன். பவுடர் போட்டவரைக்கூட உள்ளே விடாத கொட்டகை அது. பிறகு யோசித்தேன். ஆய்வகத்தில் ஒரு நீலத் தாள் உண்டு. ஈரம் பட்டால் ரோஸ் நிறமாகும். காய்ந்த தாள் என்பதால் குமிழும் கட்டாது. அதில் பொட்டளவு வெட்டி மூலையில் வைத்துவிடலாம். பாயிடம் விளக்கினேன்.

"பச்சையில கெடைக்காதா?" என்றார்.

"பச்சை இல்ல பாய். நீலம்தான்."

"சரி, கடல் கலரு. அதுவே இருக்கட்டும்." அப்போதே என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்து, சொந்தக்காரர்களின் படகுகளையும் சேர்த்து மொத்த ஆர்டரையும் சொல்லிவிட்டார். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஆட்டுவதை நிறுத்தவே தெரியவில்லை மனுஷனுக்கு.

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே துபாய்க்கு போன் போட்டார். "மச்சான், நான் வரல மச்சான். வேற யாரயாச்சும் பாத்துக்குங்க." என் அண்ணன் கத்தியது எனக்கும் முன் சீட்டில் இருந்தவருக்கும் கேட்டது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். முகம் முழுக்கச் சிரிப்பாக இருந்தது, அடக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் கடையைத் திறக்கப் போய்விட்டார். அத்தை சமையலறையில் இருந்தார். துவரம்பருப்பை வறுத்துக்கொண்டிருந்தார், துபாய்க்கு இன்னொரு டப்பா. எனக்கு ஜெயித்த திமிர். வாசற்படியிலேயே நின்று சொன்னேன்: "ரெண்டும் நின்னுடுச்சு அத்தை. ஆர்டர் வந்துடுச்சு. உங்க புள்ள துபாய் போவல. எங்கண்ணன்கிட்ட சொல்லியாச்சு."

அத்தை திரும்பவில்லை. கரண்டி நின்றது. அடுப்பை அணைத்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அந்த வீட்டில் அத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்குத் திமிரெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"அவர் போவலன்னு அவ்ளோ வருத்தமா அத்தை?" என்றேன்.

"யாருடி இவ. வருத்தமாம்ல? அந்த ஷீட்டுக்கு நான் எதுக்குப் பொட்டு வெச்சேன்னு நெனச்ச? மிசின் ஓடணும்னா மிசினுக்கு வெச்சா பத்தாதா? இவன் போவக் கூடாதுன்னு வேண்டிகிட்டு வெச்சேன்."

"நீங்கதானே தெனம் போடா போடான்னு சொன்னீங்க?"

"போவாதன்னு நான் சொல்ல முடியுமா? புள்ளய முன்னேற வுடாத ஆத்தான்னு பேசுவாங்க. நாளைக்கு ஒண்ணு இல்லன்னா நீயே சொல்லுவ, உங்கம்மாவாலதான்னு." மூக்கைச் சிந்திக்கொண்டார். "உங்க மாமா சிங்கப்பூருல இருந்துகிட்டு கேசட்டுல பேசி அனுப்புவாரு. நல்லாருக்கியா, புள்ள நல்லாருக்கான்னு கேப்பாரு. நான் பதில் சொன்னா அது நிக்காது, அடுத்ததப் பேசிகிட்டே போவும். அத்தினி வருசமும் நான் ஒரு டேப்ரிக்கார்டு கூடத்தான் குடுத்தனம் பண்ணேன். எனக்காகவா வேண்டிகிட்டேன்? அவன் இங்க இருந்தாலும் தின்னுட்டுத் தூங்கப் போறான், அங்க இருந்தாலும் தின்னுட்டுத் தூங்கப் போறான். நீ இப்புடி வாய் ஓயாம பேசுறவ. எதிர்ல ஆளு இல்லாம செத்துப்போவடி."

நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். வாய் ஓயாதவளுக்கு அன்றைக்கு வாயே வரவில்லை.